விடாத மைக்

பாண்டித்துரை அடிமாலி ஆஸ்பத்திரியில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். எஸ்டேட் ரோட்டு வளைவில் கொம்பன் யானை நிற்பது தெரியாமல் பைக்கில் போய், முட்டாத குறையாக நிறுத்தி, வண்டியை அப்படியே போட்டுவிட்டுத் தேயிலைச் சரிவில் குதித்ததில் முறிந்த கால். தப்பித்ததே பெரிது என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். கொச்சியில் வேலை பார்க்கும் மகள் மோனிஷா சேதி கேட்டு வந்து சேர்ந்தபோது, அம்மா முருகேஸ்வரி கட்டிலருகே தரையில் உட்கார்ந்து தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள்.

முருகேஸ்வரிக்குக் கொழுந்து எடை போடுமிடத்தில் மேற்பார்வை வேலை. சரிவின் மேலே நின்றவள் யானை ரோட்டில் இறங்குவதைப் பார்த்துவிட்டாள். புருஷன் ரேஷன் கடையிலிருந்து கிளம்பும் நேரம். உடனே போன் போட்டாள். அவர் எடுத்தார், ஹலோ ஹலோ என்றார், வைத்துவிட்டார். மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான். சிக்னல் இல்லை போலிருக்கிறது, வீட்டுக்குத்தானே போகிறோம் என்று அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

"நான் கத்துனேன்டி. யானை நிக்கி, அங்கனயே இருங்கன்னு கத்துனேன். அவுக பேசுறது எனக்குக் கேக்குது. நான் பேசுனது அவுகளுக்குக் கேக்கலியாம். என் தொண்டையில என்ன அடைச்சிருந்துச்சோ."

மோனிஷா அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தாள். திரையின் மேல் மூலையில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி. ஏதாவதொரு ஆப் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அது எரியும். தன் போனிலிருந்து கூப்பிட்டு அம்மாவைப் பேசச் சொன்னாள். பக்கத்திலேயே இருந்த அம்மாவின் குரல் போனில் வரவே இல்லை. செட்டிங்ஸுக்குள் போய், கொழுந்து எடை பதியும் ஆப்பை அடியோடு நிறுத்தினாள். புள்ளி அணைந்தது. குரல் வந்தது.

அது மோனிஷா வேலை பார்க்கும் கம்பெனி செய்த ஆப். ஆள் பெயரையும் கிலோவையும் வாயால் சொன்னால் போதும், பதிந்துகொள்ளும். வேலை முடிந்ததும் அம்மா வழக்கம்போல அதை மூடித்தான் வைத்திருக்கிறாள். திரை போய்விட்டது, பிடித்த மைக்கை மட்டும் ஆப் விடவில்லை. மோனிஷாவுக்கு இது புதிதல்ல. மைக்கைத் திறக்கிறோம், எந்த இடத்திலும் விடுவிக்கவில்லை என்று அந்த ஆப் வெளிவருமுன்பே எழுதிக் காட்டியிருந்தாள். டீம் லீடர் சிவப்பிரகாஷ், பாலக்காட்டுச் சித்தூர்க்காரர், அதையெல்லாம் போனே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வராந்தாவுக்கு வந்து அவரைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார். அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அந்த மரியாதை அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"வருத்தமாத்தானுங்க இருக்குது. ஆனா யூஸர் ஒழுங்கா குளோஸ் பண்ணோணும்ங்க. செட்டிங்ஸ்ல போய் நிறுத்தச் சொல்லி டிரெய்னிங்ல சேர்த்திரலாம். அடுத்த மாசம் அப்டேட் வருதல்லங்க, அதுல பாத்துக்கலாம்."

"எங்கம்மா மூடிட்டாங்க சிவா. விடாம புடிச்சிட்டிருக்கிறது நாம எழுதுன ஆப்பு. யானை அடுத்த மாசம் வரைக்கும் நிக்காது."

அவர் மேலே ஏதோ சொல்ல வந்தார். அவள் வைத்துவிட்டாள். வராந்தா பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். பதிவு முடிந்ததும் மைக்கை விடு, ஆப் மூடும்போது இன்னொரு முறை பார்த்து விடு. எழுத வேண்டியதே சில வரிகள்தான். இந்தச் சில வரிக்காகவா அப்பாவின் கால் முறிந்தது என்று நினைத்தபடியே தட்டினாள். திருத்தியதை அனுப்பிவிட்டு, லீடரிடம் கேட்காமல் எஸ்டேட் மேனேஜருக்கு நேரே போன் செய்தாள். திருத்திய ஆப் வரும்வரை எல்லார் போனிலிருந்தும் இதை எடுக்கச் சொல்லுங்கள், இது இருக்கும் போனில் ஆபத்துக்குக் கூப்பிட்டாலும் குரல் போகாது என்றாள். மேனேஜர் அன்றே எடுக்கச் சொல்லிவிட்டார். எஸ்டேட் ஆப்பையே கைவிட்டுவிடுமோ என்று கம்பெனி பயந்ததில், அடுத்த மாதம் வரவேண்டிய அப்டேட் மறுநாளே வந்தது.

வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசியது ஏன் என்று ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டார்கள். தான் முன்பு எழுதிக் காட்டியதையும், அதற்குக் கிடைத்த பதிலையும், அப்பாவின் எக்ஸ்ரேயையும் சேர்த்து எல்லாருக்கும் அனுப்பினாள். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளை வேறு டீமுக்கு மாற்றினார்கள். சிவப்பிரகாஷ் லிஃப்டில் எதிரே வந்தால் தன் போனைப் பார்த்துக்கொள்வார். ஒரு முறை வாய்திறந்து மன்னிப்புக் கேட்டார். அவள் தன் தளம் வந்ததும் இறங்கிப் போனாள்.

பாண்டித்துரை கைத்தடி ஊன்றி நடக்கத் தொடங்கினார். முருகேஸ்வரி மட்டும் மாறிப்போனாள். யாருக்குப் போன் போட்டாலும் முதலில், "நான் பேசுறது கேக்குதா?" என்பாள். கேட்கிறது என்று பதில் வந்தாலும் நம்பாமல், தான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். கொச்சியிலிருந்து மோனிஷா திருப்பிச் சொல்வாள். சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு வெகுநேரம் அவளால் வேலையில் உட்கார முடியாது.