எட்டாம் அறையின் நான்கு டிகிரி

ஆமை அண்ணனை வேலையைவிட்டு அனுப்பிய பிறகும் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று விழுந்துகொண்டுதான் இருந்தது. யாருக்காவது உறைத்ததா? இல்லை. "எல்லாம் அவர் விட்டுட்டுப் போன வினை" என்றார் மேனேஜர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மருந்துக் கிடங்குகளின் குளிர் அறைகளைக் கண்காணிக்கும் புரோகிராம் எங்களுடையது. அறைகளின் வெப்பநிலையை வாங்குவது ஒரு பகுதி. சூடு ஏறினால் அலாரம் அடிப்பது இன்னொன்று, அது ஆமை அண்ணன் எழுதியது. ஒரு வரியை எழுதினால் மூன்று முறை படித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார், அதனால் அந்தப் பெயர். கூப்பிட்டால் கழுத்தை நீட்டிச் சிரிப்பார். புரோகிராம் எப்போது விழுந்தாலும் அவருடைய ஒரே வரியில்தான் விழுந்தது. அதனால் அவர்தான் குற்றவாளி. அவ்வளவுதான் விசாரணை.

அந்த வரியில் தப்பைத் தேடித் தேடி அவர் உருக்குலைந்து போனதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தவள் நான். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும். கடைசியில், "என் தப்புதான் சார்" என்று அவரே சொல்லிவிட்டார்.

இப்போது அவருடைய பகுதி என் தலையில். அந்த வரி செய்வது ஒன்றுதான்: அலாரத்தின் விவரம் மெமரியில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்த முகவரியைப் படிக்கும். புரோகிராமின் எந்தப் பகுதி அந்த முகவரியை மாற்றினாலும் அங்கேயே நிற்கும்படி காவல் போட்டேன். நிற்கவே இல்லை. எங்கள் சோதனை மேசையில் ஆறு சென்சார்தான் இருந்தது, கிடங்கிலோ எட்டு அறை. இன்னும் இரண்டைக் கெஞ்சி வாங்கி மாட்டினேன். காப்பி எடுத்து வருவதற்குள் நின்றிருந்தது.

நின்றது அண்ணனின் பகுதியில் இல்லை. வெப்பநிலை வாங்கும் பகுதியில். முகவரி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நான்கு என்று இருந்தது. எட்டாம் அறையின் நான்கு டிகிரி.

வெப்பநிலைகளுக்கு வரிசையாக எட்டு இடம். எண் பூஜ்யத்தில் தொடங்கி ஏழில் முடியும். கதவில் ஒட்டிய எண்ணும் புரோகிராமின் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும் என்று யாரோ அதை ஒன்று முதல் எட்டு வரை ஆக்கியிருந்தார்கள். எட்டாம் எண்ணுக்கு அங்கே இடமே கிடையாது. அது நேரே பக்கத்து வீட்டுக்குள், அலாரத்தின் முகவரி இருந்த இடத்தில், போய் உட்கார்ந்துகொண்டது; அதைப் படிக்கப் போய் விழுந்ததுதான் அண்ணனின் வரி. மாற்றியது யார் என்று பார்த்தேன். மேனேஜர்.

அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, கண்டுபிடிச்சிட்டீங்கல்ல. மாத்தி அனுப்பிடுங்க."

"அண்ணனைத் திரும்பக் கூப்பிடணும் சார்."

"அந்த இடத்துக்குத்தான் புது ஆள் எடுத்தாச்சே, அடுத்த வாரம் சேர்றார். போனதை எதுக்குக் கிளறுறீங்க?"

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஆறுதலுக்குச் சொல்றியாம்மா?" என்றார்.

"சத்தியமா இல்லண்ணே. கோட் அனுப்புறேன், நீங்களே பாருங்க."

"வேணாம்மா. பார்த்தாலும் எனக்குப் புரியுமான்னு பயமா இருக்கு."

"என்னண்ணே பேசுறீங்க?"

"அந்த வரியை எத்தனை தடவை படிச்சிருப்பேன்! தப்பு கண்ணுலயே படல. எல்லாரும் இருக்குன்னு சொல்றப்ப எனக்கு மட்டும் தெரியலன்னா, மூளை மழுங்கிடுச்சுன்னுதானே அர்த்தம்? போன வாரம் ஒரு இடத்துல வேலைக்குக் கூப்பிட்டாங்க. எனக்கு இந்த வேலை தெரியாதுங்கன்னு சொல்லிட்டேன்."

"அங்க தப்பு இருந்தாத்தானேண்ணே தெரியும்!" என்று கத்திவிட்டேன். அழுகை முட்டியது. படியேறி வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

"சரிம்மா, அழாதே. உங்க அண்ணிகிட்ட குடுக்கிறேன், அவகிட்டயும் ஒரு தடவை சொல்லிடு. நான் சொன்னா நம்பமாட்டா."

அண்ணி போனை வாங்கினார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப திரும்ப வேலைக்குக் கூப்பிடுறாங்களாம்மா?" என்றார்.