தண்ணீர்த் தொட்டி வளைவில் எடுத்த படம்

…அழித்துவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடும், பார்த்தவர்கள் பார்த்ததுதானே, இப்போது அழித்தால் ஏன் அழித்தாள் என்று வேறு கேட்பார்கள்… டெல்ஃபினாவின் கட்டைவிரல் கைபேசித் திரைக்கு மேலேயே நின்றது, இறங்கவும் இல்லை, விலகவும் இல்லை. ரோடியோ மைதானத்தின் வெயிலில் அவளுடைய வண்டி நின்றது, வண்டிக்குப் பின்னால் குதிரை ஏற்றும் ட்ரெய்லர், உள்ளே புதிதாகப் பரப்பிய வைக்கோல், வேறொன்றும் இல்லை. சுற்றிலும் காட்டுத்தீக்குப் பயந்து மலையடிவாரத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்த குதிரைகள், ஆடுகள், கூண்டுக்குள் கத்தும் வான்கோழிகள். சில குதிரைகளின் விலாவில் பச்சைப் பெயின்டில் தொலைபேசி எண் எழுதியிருந்தது, ஏற்ற இடமில்லாதபோது எண்ணை எழுதி, வாசலைத் திறந்து விரட்டிவிடுவார்கள், எங்காவது பிழைத்து நின்றால் யாராவது கூப்பிடட்டும் என்று. அவளிடமும் ஒரு பெயின்ட் டப்பா இருந்தது, இருக்கைக்கு அடியில், மூடி திறக்காமல். படத்துக்கு நூற்றுக்கணக்கில் இதயங்கள் விழுந்திருந்தன, கடவுளே என்ன அழகு என்று யாரோ ஒருத்தி எழுதியிருந்தாள், அழகுதான், அதுதானே வினை. கைதூக்கி நிற்கும் சாவாரோ கள்ளிகள் கீழே கறுப்பாக, அவற்றுக்குப் பின்னால் கொதிக்கும் வெளி முழுவதும் செம்பு நிறம், அதற்கும் மேலே முட்டைக்கோசைப் போலச் சுருள் சுருளாக எழும்பி நிற்கும் புகை, அதன் ஓரத்தில் சூரியன் ஒரு காய்ந்த ஆரஞ்சுத் துண்டு மாதிரி… அதற்குக் கீழே பெயர் தெரியாத ஒருவன் கேட்டிருந்தான், இது தண்ணீர்த் தொட்டி வளைவுதானே? அவ்வளவுதான் கேட்டிருந்தான்.

தண்ணீர்த் தொட்டி வளைவுதான், வேறு எங்கிருந்து பார்த்தால் அந்த இரண்டு பாறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒற்றைக் கொம்பு மாதிரித் தெரியும்? இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், அவள் ஓட்டுகிற பேருந்தில் வருகிற பிள்ளைகள், புகையைப் பார்த்தே சொல்வார்கள், வெள்ளை என்றால் புல், கறுப்பு என்றால் யாருடைய வீடோ. சாய்மானத்தை வைத்துக் காற்று எந்தப் பக்கம் என்பார்கள். படத்தில் புகை கிழக்கே சாய்ந்திருந்தது. காற்று மேற்கே திரும்பிய பிறகுதான் மலைச் சாலையை மூடினார்கள். அப்படியென்றால் படம் எடுத்தபோது சாலை திறந்திருந்தது, அப்படியென்றால் அவள் வளைவில் நின்றிருந்தாள், அப்படியென்றால்… இதை ஏன் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டாள்? யார் சொன்னார்கள் போடச் சொல்லி? போலீஸ் தடுப்புக்கு முன்னால் வண்டிகள் வரிசையில் நிற்க, அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை, கேமராவிலிருந்து கைபேசிக்கு மாற்றிப் போட்டுவிட்டாள், அப்போதும் மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது, இருந்ததே, இல்லை என்று சொல்ல முடியுமா?

மதியம் சிநேகிதி ரமோனா கூப்பிட்டபோது அவள் குரல் நடுங்கவில்லை, மருத்துவமனையில் நோயாளிகளிடம் பேசுகிற அதே குரல். "ஏய், எனக்கு இங்கேருந்து கிளம்ப முடியலடி, மாத்தி விட ஆளில்ல. நீ ட்ரெய்லர மாட்டிக்கிட்டு எங்க வீட்டுக்குப் போய் ரெண்டையும் இறக்கிடு. கனேலா கால் நொண்டும், அவள முதல்ல ஏத்து. பாதிரி முரண்டு பிடிப்பான், காதப் பிடிச்சுத் திட்டு, வந்துடுவான்." கனேலா கிழட்டுப் பெண்குதிரை, பாதிரி என்பது கோவேறு கழுதை, எந்நேரமும் தலையைக் குனிந்து ஜெபம் செய்கிற மாதிரி நிற்பதால் அந்தப் பெயர். பல்லால் தாழ்ப்பாளைத் திறக்கத் தெரிந்த கழுதை. அதனால்தான் வேலிக் கதவில் சங்கிலியும் பூட்டும். ரமோனாவுக்கு இரவு வேலை இருக்கும் நாட்களில் தீனி வைக்கப் போவது டெல்ஃபினாதான் என்பதால் இன்னொரு சாவி அவளிடம், இதோ, கண்ணாடியில் தொங்குகிறது, வண்டியின் ஏசிக் காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டு… பூட்டு மட்டும் இல்லாதிருந்தால் பாதிரியே திறந்துகொண்டு இறங்கியிருப்பான், நொண்டிக் கிழவியையும் கூட்டிக்கொண்டு.

ஒரே ஒரு படம் என்றுதான் நினைத்தாள். போகிற வழியில், வளைவில் ஓரமாக நிறுத்தி, இறங்கி, ஒரே ஒரு படம். சீமைக்கருவேலம் எரிகிற வாசனை, ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடுகிற வாசனையேதான், அதனால் பயமே வரவில்லை, பசிதான் வந்தது, அதை யாரிடம் சொல்வது. இத்தனை வருஷமாக அந்தி வெளிச்சத்துக்கெல்லாம் வண்டியை நிறுத்துகிற பொம்பளை என்று கேலி பேசியிருக்கிறார்கள், மாவட்டக் காலண்டருக்கு வருஷா வருஷம் அனுப்பியும் அவள் படம் ஒரு மாதத்துக்குக்கூட வந்ததில்லை, இது வரும் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் சூரியன் இன்னும் புகைக்கு வெளியே இருந்தது. புகை இன்னும் கொஞ்சம் எழும்பட்டும் என்று காத்திருந்தாள். எழும்பட்டும் என்று வாய்விட்டே சொன்னாள். யாரிடம்? நெருப்பிடம்தான். கொழுக்கட்டைப்புல் மண்டிய சரிவில் அது ஓடி ஏறுவதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபடி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள் மாதிரி…

ஜன்னலில் யாரோ தட்டினார்கள். ரமோனாவுக்குப் பக்கத்து வீட்டு எர்ல், வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது, கையில் தாளில் சுற்றிய இரண்டு பரீட்டோ ரொட்டிச் சுருள்கள். "தின்னு. தேவாலயத்துக்காரங்க குடுக்கறாங்க, உறைப்பே இல்ல, சாமியார்ச் சாப்பாடு." அவள் வாங்கிக்கொண்டாள். அவர் பின்னால் திரும்பி ட்ரெய்லரைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார் என்று அவளுக்குத் தோன்றியது. "என் ஆட்டுக்குட்டிங்கள ஏத்தின பிறகும் ஒரு குதிரைக்கு இடம் இருந்துச்சு. ரமோனாவுக்குப் போன் போட்டேன், சங்கிலிய வெட்டிட்டு ஒண்ணயாவது ஏத்திக்கட்டுமான்னு. வேண்டாம் எர்ல், டெல்ஃபினா வந்துட்டிருக்கா, நீங்க கிளம்புங்கன்னு சொல்லிடுச்சு." பரீட்டோவின் சூடு உள்ளங்கையைச் சுட்டது. "வளைவுல உன் வண்டியப் பார்த்தேன். ஹாரன் அடிச்சேனே, கேக்கலையா?" கேட்டது. கேட்டு, கேமராவிலிருந்து முகத்தை எடுக்காமலே கையை ஆட்டியிருந்தாள், வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து. வணக்கமா? இரண்டு தரம் நீளமாக அடித்தாரே, அது வணக்கமா? "கேட்டுச்சு எர்ல்" என்றாள். அவர் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "சரி" என்றார். திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை அசிங்கமாகத் திட்டியிருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம்.

நான் போறதுக்குள்ள மூடிட்டாங்கடி. அப்படித்தான் தடுப்பின் முன்னால் நின்று ரமோனாவிடம் போனில் சொன்னாள். பொய் இல்லை, ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அந்த இளம் போலீஸ்காரன் கையைக் குறுக்கே நீட்டி, மேடம், பத்து வண்டிக்கு முன்னாடி வந்திருந்தாக்கூட விட்டிருப்பேன், இப்ப முடியாது என்றான், அவள் சாவியைக் காட்டினாள், கெஞ்சினாள், ரெண்டு ஜீவன் தம்பி என்றாள், அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, புகையினாலோ என்னவோ. காற்று திரும்பியதில் புகை அவள் தலைக்கு மேலே படுத்து, மலையை நோக்கிச் சரிந்திருந்தது, அதன் அடியில் ஒரு இடத்தில் கறுப்பு கலந்தது… அந்தக் கறுப்பு எந்த வீட்டுக்கு நேராக என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருக்கிறாள்.

ரமோனா மருத்துவமனை உடுப்போடே வந்தாள், வரிசை வரிசையாக நின்ற குதிரைகளுக்கு நடுவே ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்தபடி, இல்லை என்று தெரிந்தும் பார்த்தபடி நடந்து வந்து, கதவைத் திறந்து டெல்ஃபினாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கட்டிக்கொண்டாள். "உன்னைச் சொல்லி என்னடி இருக்கு. அவனுங்க மூடினா நீ என்ன பண்ணுவே, பறப்பியா?" அவள் தோளில் மருந்து வாசனை. சொல், இப்போதே சொல், வாயைத் திற… டெல்ஃபினா பரீட்டோவில் ஒன்றை நீட்டினாள். ரமோனா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். "உன் படத்தப் பார்த்தேன். வார்டுல ஒரு பொண்ணு காட்டிச்சு, உங்க மலைதானேன்னு. இங்க பாரு." இரண்டு விரலால் படத்தை விரித்தாள், விரித்துக்கொண்டே போனாள், புகை விலகியது, சூரியன் விலகியது, கள்ளிகள் ஓரத்துக்குப் போயின, மூலையில் ஒரு தகரக் கூரை மின்னியது, அதன் பக்கத்தில் வேலிக் கதவோரமாக இரண்டு புள்ளிகள். ஒன்று தலையைக் குனிந்திருந்தது. "பாதிரி" என்றாள் ரமோனா, சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "ரெண்டும் கதவுகிட்ட வந்து நின்னிருக்குங்க பாரு. ட்ரெய்லர் சத்தம் கேட்டா அப்படித்தான் நிக்கும்."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சாவி ஆடிக்கொண்டிருந்தது. ரமோனா படத்தை மறுபடி சுருக்கினாள், முழுப் புகையும் திரைக்கு வந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் இங்கேயே பிறந்து வளர்ந்தவள்தானே. "கிழக்க சாய்ஞ்சிருக்கு" என்றாள் மெதுவாக. கேள்வியாகச் சொல்லவில்லை. டெல்ஃபினா காத்திருந்தாள். வெளியே ஒரு குதிரை தரையைக் காலால் தட்டியது. ரமோனா கைபேசியை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தாள், பிறகு டெல்ஃபினாவின் திரையில் இன்னும் எரிந்துகொண்டிருந்த அதே படத்தையும், அதன் மேல் நின்ற கட்டைவிரலையும் பார்த்தாள். "அழிச்சிடாத" என்றாள். "எனக்கு வேணும்."

அழிக்கவில்லை. ரமோனா இறங்கி எர்ல் நின்ற பக்கம் போவதைப் பார்த்தபடி டெல்ஃபினா தானும் படத்தை விரித்தாள், விரித்துக்கொண்டே போனாள், கூரை, கதவு, புள்ளிகள். எடுக்கும்போது இதைப் பார்க்கவே இல்லை, இவ்வளவு சின்னது யார் கண்ணுக்குத் தெரியும், பார்த்திருந்தால் ஓடியிருக்க மாட்டேனா… ஆனால் முதல் படத்தில் அந்த மூலை வரவில்லை, அது ஞாபகம் இருக்கிறது, கீழே ஏதோ காலியாக இருக்கிறது என்று தோன்றியது, கேமராக் கண்ணாடி வழியாக எதையோ பார்த்தாள், மின்னியதையா, அசைந்ததையா, அந்த மூலையில் அது இருந்தால்தான் படம் நிறையும் என்று தோன்றி, கள்ளி முள் காலில் கீறியதைக்கூடக் கவனிக்காமல், இடப்பக்கமாக ஓர் அடி தள்ளி நின்றாள்.