எதிரொலி இல்லாத கூடம்

சிகந்தராபாத்தில், லாலாகுடா ரயில்வே பட்டறையின் சாமான் கிடங்கில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த ஜெகநாதனுக்குத் தம் காதுகளைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. கச்சேரிக்குப் போனால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, வித்வான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டதுபோல நடுவில் ஒரு தரம் முகத்தைச் சுளிப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு, நமக்கு ஏன் வம்பு என்று தாங்களும் சுளிப்பார்கள். எந்த இடத்தில் தப்பு என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது.

திருமலகிரியில் அவருடைய வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவுக்கு ஒரு நாள் கையெழுத்து வாங்கப் போனார். உள்ளே கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. ஏதோ இங்கிலீஷ் பாட்டு. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் சத்தம் பாகு போல வழிந்து வந்தது. அதே கம்பெனிப் பெட்டிதான் அவர் வீட்டிலும் இருந்தது. அன்று சாயங்காலம் திரும்பி வந்து தம்முடைய தோடி நாகஸ்வரத் தட்டை வைத்தார். தகரக் கொட்டகைக்குள் நாலு பேர் கட்டிப் புரள்வது போல இருந்தது.

பெட்டி குற்றமில்லை, தட்டும் குற்றமில்லை, கேட்கிற காது நிச்சயமாகக் குற்றமில்லை. மிச்சம் இருப்பது வீடு. தரையெல்லாம் ஷாபாத் கல், சுவரெல்லாம் சுண்ணாம்பு, தலைக்கு மேலே தகரம். துரை வீட்டிலோ கம்பளமும் திரையும் மெத்தை நாற்காலியுமாக இருந்தன. வீடுதான் சத்தத்தைத் திருப்பி அடிக்கிறது என்று முடிவுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் வாயில் 'எதிரொலி' என்ற சொல்லைத் தவிர வேறு சொல் வரவில்லை.

அவர் மனைவி மங்கையர்க்கரசிக்குச் சொந்த ஊர் வாலாஜாபேட்டை. அதிகம் பேசமாட்டாள். கூடத்துச் சுவரில் ரஜாயை, அதாவது பஞ்சுப் போர்வையை, ஆணி அடித்து மாட்டலாமா என்று அவர் கேட்டபோது, மாட்டினால் அன்றைக்கே சமையலை நிறுத்திவிடுவேன் என்று மட்டும் சொன்னாள். எனவே எதிரொலி காத்திருந்தது.

சித்திரை மாதம் அவளுடைய தங்கைக்குத் தலைப்பிரசவம். துணைக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. ஜெகநாதன் பாஸ் எழுதி வாங்கினார், மூட்டையைத் தாமே தூக்கினார், பெண்கள் வண்டியில் ஏற்றினார். குழந்தைக்குப் புண்யாகவாசனமெல்லாம் நன்றாக முடிந்து, நிதானமாக வந்தால் போதும் என்று இரண்டு தரம் சொன்னார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பரிவை அவரிடம் அவள் கண்டதில்லை. சந்தேகப்பட்டாள். ஆனால் வண்டி கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம் கைதட்டியது. கூடத்தின் மூலைக்கு மூலை நின்று ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு நாற்காலி மேல் ஏறித் தட்டினார். தரையில் படுத்துத் தட்டினார். பக்கத்து வீட்டுத் தாயம்மாள், பாவம், ஆம்பிளை தனியாக இருந்தால் மனசு இப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டு ஒரு கிண்ணம் ரசம் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் பஞ்சு அடிக்கும் காசிம் பாய் வந்தார். வீட்டிலிருந்த மெத்தைகள் இரண்டையும் கிழிக்கச் சொன்னார் ஜெகநாதன். சுவரில் அடைக்கத்தான் பஞ்சு, படுக்க இல்லை என்றதும் காசிம் பாய் வில்லைக் கீழே வைத்துவிட்டு, "கைக்கு சாப்?" என்று கேட்டார். எதற்கு என்பதை ஜெகநாதன் எதிரொலியிலிருந்து தொடங்கி விளக்கினார். காசிம் பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மெத்தையைக் கிழித்தார்.

பஞ்சு சுவரில் தானாக ஒட்டிக்கொண்டு நிற்காது என்பது அதற்குப் பிறகுதான் ஜெகநாதனுக்குத் தோன்றியது. மேலே போர்த்த நீளமான, அகலமான, நெருக்கமாக நெய்த துணி வேண்டும். அப்படிப்பட்ட துணி வீட்டில் ஓர் இடத்தில்தான் இருந்தது. மனைவியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பட்டுதான் சத்தத்தை மென்மையாக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கிழக்குச் சுவருக்கு மயில்கழுத்து நிறம், மேற்குச் சுவருக்கு அரக்கு, வாசற்கதவின் உட்புறத்துக்கு முகூர்த்தப் புடவை. ஆணியையும் அவரே அடித்தார். ஜன்னல்களைக் கிடங்கிலிருந்து வந்த பழைய சாக்குகளால் அடைத்தார். ஊஞ்சல் கிறீச்சிடும் என்று கழற்றிக் கொல்லையில் போட்டார். சுவர்க்கடிகாரத்தை நிறுத்தினார்.

வெளியிலிருந்து வருகிற சத்தத்துக்கும் ஒரு வழி பண்ணவேண்டி இருந்தது. தாயம்மாள் வீட்டில் காலையில் உலக்கைச் சத்தம் கேட்டது. போய்ச் சொன்னார்.

தாயம்மாள் உலக்கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள். "நீங்க பாட்டு கேக்கறதுக்காக எங்க வீட்டுல பட்டினி கெடக்க முடியாதுங்க."

ரசிகத்தனம் இல்லாத ஜனங்கள் என்று அவர் மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டார்.

கூடம் தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறைத் தமிழர்கள் எட்டுப் பேரை அழைத்தார். வரைபடப் பிரிவுச் சிவஞானம் முதல் ஆளாக வந்தார். அவரிடமும் ஒரு கிராமபோன் இருந்தது, ஜெகநாதன் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. எல்லாரும் உள்ளே வந்ததும் ஜெகநாதன் கதவைச் சாத்தினார். வெளியே ஊரே வெயிலில் வெந்துகொண்டிருந்தது. உள்ளே, நான்கு பக்கமும் பஞ்சுக்கும் பட்டுக்கும் நடுவில், ஒன்பது ஆம்பிளைகள்.

முதலில் உரை. சத்தம் என்பது என்ன, அது எப்படிப் போகிறது, ஏன் திரும்பி வருகிறது. சிவஞானம் தொடையைச் சொறிந்தார். பக்கத்தில் இருந்தவர் முதுகைச் சொறிந்தார். கிடங்குச் சாக்குகளில் பல வருஷமாகக் குடியிருந்த மூட்டைப்பூச்சிகள் புது இடத்துக்கு வந்த பசியில் இருந்தன. ஒருவர் பஞ்சுத் தூசியில் தும்ம ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் தவித்தார்.

"பிளேட்டு எப்ப சார் போடுவீங்க?" என்று சிவஞானம் கேட்டார்.

போட்டார். நாகஸ்வரக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்துத் தெருவில் வாசிப்பது போல இருந்தது. அது போதாதென்று, இங்கே கவனியுங்கள், அங்கே கவனியுங்கள் என்று ஜெகநாதன் தட்டுக்கு மேலே பேசிக்கொண்டே இருந்தார். அவர் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. தட்டு முடிந்ததும் எட்டுப் பேரும் ஒரே குரலில் பிரமாதம் என்றார்கள். பிரமாதம் என்றால் கதவைத் திறந்துவிடுவார் என்ற நம்பிக்கை. அவரோ மனம் குளிர்ந்துபோய் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றிருந்தது. தங்கையின் மாமியார் வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டதால், இனி தனக்கு அங்கே வேலையில்லை என்று மங்கையர்க்கரசி சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டு வந்துவிட்டாள். கதவைத் தட்டினாள். நாதாங்கியை ஆட்டினாள். பேரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை, அதனால் "ஏங்க, ஏங்க" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய் ஜாடியால்கூடத் தட்டிப் பார்த்தாள். கடைசியில் தாயம்மாள்தான் கையைப் பிடித்து அழைத்துப்போய் மோர் கொடுத்து, நடந்ததையெல்லாம் சொன்னாள். புடவை விஷயம் தாயம்மாளுக்குத் தெரியாது.

அவள் மறுபடி வாசலுக்கு வந்து நின்றபோது கதவு திறந்தது. எண்ணெய்க் குளியலிலிருந்து எழுந்து வந்தவர்கள் போல எட்டுப் பேர் சொட்டச் சொட்ட, தலையெல்லாம் பஞ்சோடு, சொறிந்துகொண்டே வெளியே வந்தார்கள். எதிரே அவளைக் கண்டதும் சொறிவதை நிறுத்திவிட்டு வணக்கம் சொன்னார்கள். பிறகு வேகமாக நடந்தார்கள்.

ஜெகநாதன் மனைவியைக் கண்டு கொஞ்சம் அரண்டார். ஆனால் பெருமை அதைவிடப் பெரியதாக இருந்தது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரொலி போன கதையைச் சொன்னார். அவள் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவர் கதவைச் சாத்திய பிறகு, அதன் மேல் தன் முகூர்த்தப் புடவையைப் பார்த்தாள். சரிகையில் ஆணிகள் வரிசையாக மின்னின.

"இவ்வளவு நேரம் நான் கதவைத் தட்டினது உங்களுக்குக் கேட்டுதா?" என்றாள்.

"ஒரு பொட்டுகூடக் கேக்கல" என்றார் அவர், முகம் மலர்ந்து.

அவள் எழுந்துபோய்க் குறடு எடுத்து வந்தாள். புடவைகளின் ஆணிகளை நிதானமாகப் பிடுங்கினாள். அவர் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள். புடவை இருந்த இடங்களில் அவருடைய வேட்டிகளையும், ஆபீஸுக்குப் போட்டுப்போகும் கம்பளிக் கோட்டையும் வைத்துத் திரும்ப ஆணி அடித்தாள். பஞ்சையும் சாக்கையும் தொடவில்லை. மெத்தை இல்லாததால் ஒரு பாயை மட்டும் அங்கே விரித்து, இனிமேல் உங்களுக்குப் படுக்கை இங்கேதான் என்றாள்.

மூட்டைப்பூச்சி கடித்த கழுத்தோடு, ஆணி ஓட்டை விழுந்த கோட்டோடு ஜெகநாதன் திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனார். கூடத்தைத் தம் சம்சாரம் பார்த்த மாத்திரத்திலேயே அங்கீகரித்துவிட்டதாகவும், அதில் ஒன்றையும் கலைக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டதாகவும் எல்லாரிடமும் சொன்னார். இதைக் கேட்டுச் சிவஞானத்துக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. தம் வீட்டிலும் ஒரு கூடத்தை அடைக்கப்போவதாகக் கிளம்பினார். அவர் மனைவி பாமா பதறிப்போய் மங்கையர்க்கரசியிடம் ஓடி வந்து, இவரை எப்படி அக்கா தடுப்பது என்று கேட்டாள்.

மங்கையர்க்கரசி வாசல் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாத்திய கூடத்துக்குள் ஜெகநாதன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார் போலும், ஒன்றும் கேட்கவில்லை.

"தடுக்காத, பண்ணட்டும்" என்றாள். "தாழ்ப்பாளை மட்டும் வெளிப்பக்கம் போடச் சொல்லு."