முப்பத்தெட்டு டிகிரி

அந்தக் கம்ப்யூட்டர் முப்பத்தெட்டு டிகிரிக்கு மேல் சூடானதாக ஒரு நாளும் சொன்னதில்லை. காலையிலும் முப்பத்தெட்டு, வெயில் மண்டையைப் பிளக்கிற மதியத்திலும் முப்பத்தெட்டு. அப்படிக் காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்துபோகும். ராம்கி அந்த எண்ணை நம்பினான். நம்பித்தான் மூன்று மாதமாக ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கும் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தான்.

தங்கச்சி யோகேஸ்வரி தெற்கு ரத வீதியை ஒட்டிய சந்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால், பொருள் வரவில்லை, உடைந்து வந்தது என்று எவனெவனோ அனுப்புகிற புகாருக்கெல்லாம் பொறுமையாகப் பதில் தட்ட வேண்டும். நடுவில் கம்ப்யூட்டர் அணைந்தால் அந்தப் பக்கம் ஒருவன் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு காத்திருப்பான். இதற்காக அவளுக்கு இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை கிடையாது. வேலை போனால் வீட்டைக் காலி செய்துவிட்டு சுந்தரபாண்டியத்துக்கே போய்விடலாம் என்று அவள் புருஷன் பால்ச்சாமி சொல்லியிருந்தான். கோபத்தில் சொல்லவில்லை. லோடு வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மழை வரும் போலிருக்கு என்பதைப் போலச் சொன்னான். அதனால்தான் அவளுக்குப் பயம். சுந்தரபாண்டியத்தில் மாமியார் வீட்டில் நாலு வருஷம் இருந்திருக்கிறாள். அந்த நாலு வருஷத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

ராம்கி மில்லில் நைட் ஷிப்டு பார்த்தவன். அதைப் பாதியில் விட்டுவிட்டு, யூடியூபைப் பார்த்து வேலை பழகி, ராஜபாளையத்தில் நவநீதகிருஷ்ணன் என்பவரின் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தான். அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஓடுகிற போர்டின் பயாஸில் கை வைக்கக் கூடாது. பயாஸ் என்பது மதர்போர்டுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் அடிப்படை மென்பொருள். பட்டனை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது அதுதான். அதைப் புதுப்பிக்கிற நாலு நிமிஷத்துக்குள் கரண்ட் போனால் போர்டு செத்துப்போகும். எதற்கு வம்பு என்று பழைய பயாஸோடு கடையை விட்டுப் போன போர்டுகள் எத்தனையோ.

யோகேஸ்வரியின் போர்டும் அதில் ஒன்று. சித்திரையில் அதிலிருந்த பிராசஸரைக் கழற்றிவிட்டு, கடைக்கு வந்த வேறொன்றை ராம்கிதான் மாட்டினான். போர்டைவிட இரண்டு தலைமுறை புதியது. இனிமேல் ராக்கெட் மாதிரிப் பறக்கும் என்றான். அவளும் தன் அண்ணனைப் போல ஒரு கெட்டிக்காரன் இல்லை என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். பத்தாம் நாள் முதல் தடவையாக அணைந்தது.

கரண்ட் சரியில்லை என்றான். தூசி என்றான். பிராசஸருக்கு மேலே பூசுகிற பசையை வழித்துவிட்டு வேறு பூசினான். பவர் சப்ளையை மாற்றினான். சூடாகியிருக்குமோ என்று அவள் ஒருதடவை கேட்டதற்கு, திரையைக் காட்டி, முப்பத்தெட்டு, உன் உடம்புச் சூட்டைவிடக் கூட ஒண்ணுதான் என்று சிரித்தான்.

ஆடிப்பூரத் தேரன்று கடை லீவு. சென்னைக் கம்பெனிக்கு ஆடிப்பூரமும் தெரியாது, தேரும் தெரியாது. இரண்டு மணிக்கு அவள் உட்கார்ந்தாக வேண்டும். முந்தின நாளும் அணைந்திருந்தது. டீ இடைவேளையாகப் போனதால் தப்பித்தாள். ராம்கி காலையிலேயே வந்துவிட்டான். அவள் தேர் வடம் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"தேர் கிளம்புறதுக்கு முந்தி கரண்ட்ட நிப்பாட்டிருவாவ. நான் வார வரைக்கும் எதையும் போட்டுக்கிட்டு இருக்காதண்ணே."

"நீ கெளம்புட்டி. நான் பாத்துக்கிடுதேன்."

"போன தடவையும் நீதான் பாத்த" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கம்ப்யூட்டரை ஓடவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். எந்த ஒயர் லூசாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். அசைத்துக்கொண்டே வந்தவனின் ஆள்காட்டி விரல், பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியப் பட்டையின் அடியில் பட்டது. அடுப்பில் கிடக்கிற தோசைக்கல்லைத் தொட்டது போலிருந்தது. கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தான். திரையில் முப்பத்தெட்டு.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, போர்டு சொல்வதைக் கேட்காமல் பிராசஸருக்குள் இருக்கும் சென்சாரையே நேராகப் படிக்கிற இன்னொரு மென்பொருளை இறக்கிப் போட்டான். தொண்ணூற்றேழு. பழைய பயாஸுக்கு இந்தப் பிராசஸரைத் தெரியவில்லை. போர்டில் வேறெங்கோ இருக்கிற சூட்டை அளந்து, அதை இதனுடையது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. முப்பத்தெட்டுதானே என்று காற்றாடியும் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே பிராசஸர் வெந்து, தாங்க முடியாதபோது தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. அவ்வளவுதான் நோய்.

கரண்ட் போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. அதன் பாட்டரி கால் மணி நேரம் தாங்கும். அந்தக் கால் மணி நேரத்தையும் போனில் போர்டு கம்பெனியின் பக்கத்தைப் படிப்பதிலேயே தீர்த்தான். பயாஸ் புதுப்பிப்புகள் வரிசையாக இருந்தன. மேலிருந்து நாலாவதில் ஒரு வரி: புதிய பிராசஸர்களின் வெப்பநிலை தவறாகக் காட்டப்படுவது சரிசெய்யப்பட்டது. அதை வெளியிட்டு இரண்டு வருஷமாகிறது. இந்த மூன்று மாதத்தில் எந்த நாளிலும் படித்திருக்கலாம். யூபிஎஸ் கத்தி ஓய்ந்தது.

கோப்பைப் போனில் இறக்கிப் பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொண்டு கரண்டுக்காகக் காத்திருந்தான். வெளியே கூட்டத்தின் இரைச்சல் நெருங்கி, சந்து முனையைத் தாண்டி, மேற்கே நகர்ந்து தேய்ந்தது. அவன் எட்டிப் பார்க்கவில்லை. யோகேஸ்வரி வருவதற்குள் முடித்துவிட்டால் போதும். சரியாயிட்டு என்று ஒரு வார்த்தை. எதனால் கெட்டது என்று அவள் கேட்கப்போவதில்லை. தான் மாட்டிய பிராசஸர்தான் அவளுக்கு இரண்டு எச்சரிக்கையை வாங்கிக் கொடுத்தது என்பது அவனோடு போய்விடும்.

பதினொன்றே முக்காலுக்கு வெடிச் சத்தம் கேட்டது. தேர் நிலைக்கு வந்துவிட்டது. செத்த நேரத்தில் மேலே மின்விசிறி சுற்றியது. யூபிஎஸ் பாட்டரியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஏறுவதற்கு நாலு மணி நேரமாவது ஆகும். ராஜபாளையத்தில் கரண்ட் வந்தால் வந்ததுதான், உடனே மறுபடி போகாது. பென்டிரைவைச் செருகினான்.

அணைக்காதீர்கள் என்று திரை எச்சரித்தது. பன்னிரண்டு சதவீதம். நாற்பது. அறுபத்துமூன்றில் திரை இருண்டது. அவன் திரையைப் பார்க்கவில்லை, மின்விசிறியைத்தான் பார்த்தான். அது வேகம் குறைந்து, குறைந்து, நின்றது.

பத்து நிமிஷத்தில் கரண்ட் திரும்ப வந்தது. பட்டனை அழுத்தினான். பெட்டிக்குள் இருந்த காற்றாடி, மூன்று மாதமாகச் சுற்றாத வேகத்தில் அலறிக்கொண்டு சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை. போர்டிலிருந்த குட்டி பாட்டரியைக் கழற்றி மாட்டினான். ரேமைக் கழற்றி மாட்டினான். ஒன்றுமில்லை.

யோகேஸ்வரி உள்ளே வந்தாள். வடம் இழுத்து இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன. காற்றாடிச் சத்தத்தைக் கேட்டதும் வாசலிலேயே நின்றாள்.

"கரண்ட்டு போனதுல போர்டு போச்சுட்டி" என்றான் ராம்கி. அதில் பொய் இல்லை.

"மொதல்ல லைனப் போட்டுப் பாப்பாவ. பொறவு நிப்பாட்டிட்டு, தேருக்காக அவுத்த ஒயரயெல்லாம் இறுக்கிக் கெட்டுவாவ. இந்தத் தெருவுல சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதுக்குத்தான சொல்லிட்டுப் போனேன்."

அவள் திரையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டுன்னுதான காட்டுச்சு. நல்லா இருக்குன்னுதான சொன்ன. பொறவு இன்னைக்கு எதுக்கு அதுல கை வச்ச?"

இங்கே ஒரு பொய் சொல்ல இடம் இருந்தது. தேடிப் பார்த்தான், அகப்படவில்லை. கொப்புளம் கட்டியிருந்த விரலை நீட்டினான்.

"அது காட்டுனது தப்பு. உள்ள தொண்ணூத்தேழு. நான் மாட்டுன பிராசஸர அந்தப் போர்டுக்குத் தெரியல. மூணு மாசமா நாந்தான்."

"இம்புட்டு நாளும் ஒருக்காகூடத் தொட்டுப் பாக்கலையா?"

"பாக்கல."

அவள் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தான். அவள் முகம் கழுவிவிட்டு வந்து சென்னைக்குப் போன் செய்தாள். வேறு கம்ப்யூட்டரில் உட்காரலாமா என்று கேட்டாள். அதைப் பதிவு செய்து அனுமதி வாங்க நாலு நாள் ஆகும் என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோனால் பயாஸ் இருக்கிற சிப்பில் மறுபடி எழுதித் தருவார்கள் என்று ராம்கி சொன்னான். எத்தனை நாள் என்றாள். மூன்று என்றான். அவள் தலையாட்டினாள். இரண்டு மணிக்கு அவள் உட்காரவில்லை. இரண்டே காலுக்கு போனில் மூன்றாவது எச்சரிக்கை வந்தது. அதிலேயே அவளுடைய வேலைக் கணக்கை முடக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தது.

பால்ச்சாமியிடம் அவளே போனில் சொன்னாள். ம், ம் என்று கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மாதான் நிற்கும், சாமானை ஏற்றிவிடலாம் என்றான் அவன். ஸ்பீக்கரில் போடாமலே ராம்கிக்கும் கேட்டது.

கிளம்பும்போது பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான்.

"அதையும் எடுத்துட்டுப் போயிரு. அங்க வைக்க எடமில்ல" என்றாள்.

தேர்க்கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டு நெரிந்தது. இரண்டு பஸ்ஸை விட்டு மூன்றாவதில் ஏறினான். கடைசி சீட்டில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத் தகடு வீட்டிலேயே கிடந்தது. திறந்திருந்த பக்கத்தில் கையை விட்டு அந்த அலுமினியப் பட்டையைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது. மம்சாபுரத்துக்குப் பாதை பிரிகிற விலக்கு தாண்டும்வரை கையை எடுக்கவில்லை.