ஆளை வைத்துக்கொண்டு போட்ட விளம்பரம்

எங்கள் குழுவில் வேலை விளம்பரம் போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. இருபதாயிரம் புரோகிராமர்கள் கூடிப் பேசும் இணையக் குழு அது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை ‘ஆள் தேவை’ என்று ஒரு பக்கம் திறப்போம். யார் வேண்டுமானாலும் விளம்பரம் அனுப்பலாம். ஆனால் நான் படித்துப் பார்த்து ‘சரி’ என்று அழுத்தினால்தான் அது மற்றவர் கண்ணில் படும். ஒன்பது வருடமாக அந்த வாசலில் நிற்பவன் நான்தான். இதற்குச் சம்பளம் கிடையாது. கடந்த பதினான்கு மாதமாக எனக்கு எதற்குமே சம்பளம் கிடையாது என்பது தனிக்கதை.

விதிகள் மொத்தம் ஏழு. முதல் ஆறும் சாதாரணமானவை. நிறுவனத்தின் பெயரைச் சொல், வீட்டிலிருந்து வேலையா அலுவலகத்திலா என்று சொல், அந்த மாதிரி. ஏழாவதை நான் எழுதினேன்: ‘ஏற்கெனவே ஆளை முடிவு செய்துவிட்டு ஊர் கண்ணுக்காகப் போடும் விளம்பரங்களுக்கு இங்கே இடமில்லை.’

சும்மா எழுதவில்லை, வயிறு எரிந்து எழுதினேன். வேலை போன நாலாவது மாதம் ஒரு நிறுவனம் என்னை ஐந்து முறை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. ஐந்து முறையும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தேன். கடைசியில் பார்த்தால், அந்த இடத்துக்கு மேலாளரின் தங்கை மகனை முதல் நாளே எடுத்து வைத்திருக்கிறார்கள். விளம்பரம் போட்டே ஆகவேண்டும் என்பது அவர்கள் அலுவலகச் சட்டம், அதனால் போட்டார்களாம். அடப்பாவிகளா! அந்தக் கூத்து ஒழுங்காக நடந்து முடிய நான் ஐந்து முறை பல்லைக் காட்டியிருக்கிறேன்.

வீட்டில் ஒரு கெடு வைத்திருந்தோம். இந்த மாதம் பாதி முடிவதற்குள்ளும் வேலை கிடைக்கவில்லை என்றால் வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவியின் அண்ணன் வீட்டு மாடி அறைக்குப் போய்விடுவது. மகளுக்குப் பள்ளிக்கூடம் மாறும். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அவள் அண்ணன் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது காலத்தை ஓட்டலாம். நல்லவர் வீட்டுச் சோறு எப்படித் தொண்டையில் இறங்கும்?

தினமும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பாள், “இன்னைக்கு ஏதாவது வந்துச்சா?”

“ஒண்ணும் வரலை” என்பேன். உள்ளே போய்விடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை பக்கத்தைத் திறந்த அரை மணி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தது. நான் கேள்விப்படாத நிறுவனம். முதல் நாலு வரி இப்படி: பதினேழு வருட அனுபவம் வேண்டும். அதில் பதினொரு வருடமாவது ஒரே இடத்தில் இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு எந்தப் பிள்ளையும் படிக்காத அந்தப் பழைய கணினி மொழியும், நேற்று வந்த புது மொழியும் சேர்ந்தே தெரிந்திருக்க வேண்டும். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தாலும் பரவாயில்லை.

படித்ததும் சுர்ரென்று ஏறியது. இது என்ன விளம்பரமா, ஒருத்தனை நிற்க வைத்து அளவெடுத்துத் தைத்த சட்டையா? எந்தத் தங்கை மகனுக்கு இந்த ஏற்பாடு? விளம்பரத்தை நீக்கினேன். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அந்த நாலு வரியைப் படமெடுத்துப் பொதுப் பக்கத்தில் போட்டு, மேலே எழுதினேன்: ‘ஏழாவது விதிக்கு உதாரணம். இப்படி ஒரு ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான் இருப்பான். அவன் பெயரையே போட்டிருக்கலாமே!’

நானூறு பேர் சிரித்தார்கள். ‘காவல்காரர்னா இப்படி இருக்கணும்’ என்று ஒருவர் எழுதினார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் ருசித்துச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை வரை வேறு எதுவும் அமையவில்லை. வியாழக்கிழமை காலை தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தேன். சனிக்கிழமை வண்டி வருகிறது. நாலாவது தட்டைச் சுற்றும்போது போன் அடித்தது. பென்சில்.

பென்சில் என்னிடம் ஆறு வருடம் வேலை பழகியவள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. எனக்கு வேலை போவதற்கு முன்பே அவள் வேறு எங்கோ போய்விட்டாள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. வேலை போன பிறகு அவள் மூன்று முறை மெசேஜ் அனுப்பினாள், ஒன்றுக்கும் பதில் போடவில்லை. என்னத்தைச் சொல்வது?

“அண்ணா, ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேட்டுத் தொலையேன்.”

“வேணாம்னா வேணாம்னு ஒரு வரி எழுதியிருக்கலாம் இல்ல? அதுக்கு நானூறு பேரைக் கூப்பிட்டு வெச்சுச் சிரிக்கணுமா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “நீ எதைச் சொல்றே?”

“அந்த விளம்பரத்தைத்தான். அது நான் எழுதினது.”

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

“எங்க ஆபீஸ்ல தெரிஞ்சவங்களை நேரா எடுத்துட முடியாதுண்ணா. பத்து நாள் வெளியில விளம்பரம் கிடக்கணும். முன்கூட்டி யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு கையெழுத்து வேற வாங்கிட்டாங்க. அதான் உங்க குழுவுல போட்டேன். அங்க வர்றது எல்லாத்தையும் முதல்ல படிக்கிறது நீங்கதானே? படிச்சதும் தெரிஞ்சிடும்னு நினைச்சேன்.”

“இப்போ திரும்ப அனுப்பு. இந்த நிமிஷமே சரி பண்றேன்.”

“அந்தப் படம் எங்க மேலாளர் கைக்குப் போயிடுச்சுண்ணா. ஊரே சிரிக்குதுன்னு அந்த இடத்தையே ரத்து பண்ணிட்டாங்க. வேலையை வெளியில கான்ட்ராக்ட் கொடுத்து நேத்துக் கையெழுத்தும் ஆயிடுச்சு. இனிமே மறைச்சு என்னன்னுதான் போன் பண்ணேன். உங்களுக்கு என் கீழ வேலை பார்க்கப் பிடிக்கலை போலிருக்கு, அதான் அப்படி எழுதிட்டீங்கன்னு நினைச்சு ரெண்டு நாள் அழுதேன்.”

“எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா எனக்குத் தெரியாது.”

அவள் மெதுவாகக் கேட்டாள், “அண்ணா, நீங்க அதை முழுசாப் படிச்சீங்களா?”

மடிக்கணினியைப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். “சரிண்ணா, உடம்பைப் பார்த்துக்குங்க” என்று வைத்துவிட்டாள்.

நீக்கிய விளம்பரங்கள் அழிவதில்லை. எனக்கு மட்டும் தெரியும் ஒரு பட்டியலில் கிடக்கும். திறந்தேன். நான் நிறுத்திய இடத்துக்குக் கீழே இன்னும் நாலு வரி இருந்தது.

கிடங்குப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் மென்பொருளை, ஒரு பெட்டிகூடத் தேங்காமல், ஒரே வார இறுதியில் பழைய இயந்திரத்திலிருந்து புதியதற்கு மாற்றியிருக்க வேண்டும். அதைச் செய்தது நானும் பென்சிலும். கணினிப் படிப்பு அவசியமில்லை, தாவரவியல் பட்டம் போதும். என் பட்டம் தாவரவியல். காலை பத்தரைக்கு முன் வரச்சொல்லி வற்புறுத்த மாட்டோம். கொஞ்சம் கோபக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, எங்களுக்குப் பழக்கம்தான்.

கடைசி வரியைப் படித்ததும் உடைந்துவிட்டேன். சுற்றிலும் பெட்டிகள், நடுவில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மேலே இருந்த நாலு வரியும்கூட நான்தானே! பதினேழு வருடமும் நான், பழைய மொழியும் நான், நாற்பத்தாறு வயதும் நான். பதினான்கு மாதம் எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதில், ஒருத்தி வேண்டும் என்று எழுதியது எனக்கு அடையாளம் தெரியவில்லை. விதிப்படி பார்த்தால் நான் செய்தது சரி. அது ஆளை வைத்துக்கொண்டு போட்ட விளம்பரம்தான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு மீதித் தட்டுகளையும் சுற்றி முடித்தேன். நாலரைக்கு மனைவி வந்தாள். வீடு இருக்கும் இருப்பைப் பார்த்த பிறகும், பழக்கதோஷம், செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

“இன்னைக்கு ஏதாவது வந்துச்சா?”

“போன வாரம் ஒண்ணு வந்துச்சு. நான்தான் நீக்கிட்டேன்.”

“ஏன்?”

“ஏற்கெனவே ஆளை வெச்சுக்கிட்டுப் போட்டது.”

“பாவிங்க” என்றாள். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் வந்து, தட்டுப் பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “நல்ல காரியம் பண்ணீங்க. இல்லேன்னா உங்களை மாதிரி எத்தனை பேர் நம்பி ஏமாந்திருப்பாங்க? அந்த டேப்பைக் கிழிச்சுக் குடுங்க.”

கிழித்துக் கொடுத்தேன்.