கோடிங் கூட

ஆதவன் போன வருஷத்து டேப்லெட்டையும் புதிதாக வந்ததையும் சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிறுத்தினான். பின்னால் மலை தெரிய வேண்டும், முன்னால் காபியில் ஆவி பறக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது பிடிக்கும் என்பது அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கஃபேயில் பத்து மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. அங்கே உட்கார்ந்துதான் வீடியோ எடுப்பான். ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவன் என்பதால், எந்தக் கருவி எதற்கு உதவும் என்று அவன் வாய் திறந்தால் கேட்பதற்கு ஒரு கூட்டமே இருந்தது.

காபி கொண்டுவந்த பெண் வேலைக்குப் புதியவள். டம்ளரை வைத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"டேப்லெட் வீடியோ போடற ஆதவன் அண்ணாதானே நீங்க?"

செல்ஃபிக்குத் தயாரான முகத்தோடு நிமிர்ந்தான் ஆதவன். அவள் செல்ஃபி கேட்கவில்லை.

"எம் பேரு ஓவியா. கீழ்பென்னாத்தூர். போன வருஷம் உங்க வீடியோவ பாத்துட்டுத்தான் டேப்லெட் வாங்கினோம். கொல்லையில வெளைஞ்ச மல்லாட்டையை வித்த கையோட அம்மா என்னை நேரா கடைக்கு இட்டுக்கினு போனாங்க."

"நல்லா இருக்காம்மா?"

"படம் பாக்க, பாடம் கேக்க, கரண்ட் பில்லு கட்ட, எல்லாத்துக்கும் நல்லா இருக்குண்ணா. கோடிங்தான் வரலை." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எனக்கு," என்று சேர்த்துக்கொண்டாள்.

போய்க் கல்லாவுக்குக் கீழே இருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தாள். முத்து முத்தான கையெழுத்தில் அவனுடைய வீடியோ முழுவதும் அதில் இருந்தது. நாலாவது நிமிடம் பத்தாவது வினாடி, ப்ராஜெக்டைத் திறக்கிறார். முப்பத்தைந்தாவது வினாடி, பச்சை பட்டனை அழுத்துகிறார். ஐந்தாவது நிமிடம், ஆப் ஓடுகிறது.

"நாப்பது தடவை பாத்திருப்பேன். நீங்க பண்ண மாதிரியேதான் பண்றேன். எங்க தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லுங்கண்ணா."

தப்பு எங்கே என்று ஆதவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த வீடியோவில் டேப்லெட்டில் எதுவுமே ஓடவில்லை. ஓடியது மேஜைக்கு அடியில் பைக்குள் இருந்த அவனுடைய லேப்டாப். அதன் திரையை ஒரு வயர் வழியாக டேப்லெட்டில் காட்டினான். வயரைக் காபி டம்ளர் மறைத்துக்கொண்டது. டேப்லெட் கம்பெனிக்காரர்கள்தான் கேட்டிருந்தார்கள். தினசரி உபயோகத்துக்கு நல்லது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நீங்கள் 'கோடிங் கூட பண்ணலாம்' என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் 'கூட'வுக்குத்தான் பணம். யார் இதில் உட்கார்ந்து ஆப் செய்யப் போகிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கிக்கொண்டான்.

"அது வந்து, பழைய வெர்ஷன். இப்ப அப்டேட்ல மாத்திட்டாங்க," என்றான்.

ஓவியா குனிந்து நோட்டில் 'அப்டேட்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். ஆதவனுக்குக் காது சுட்டது.

"வேலூர்ல ஒரு பயிற்சிக்கு ஆள் எடுத்தாங்கண்ணா. முடிச்சா வேலையும் குடுப்பாங்க. சின்னதா ஒரு ஆப் பண்ணி அனுப்பணும். ரெண்டு மாசம் முட்டிப் பாத்தேன். கூடப் படிச்சவங்க அனுப்பிட்டாங்க. அவங்ககிட்ட லேப்டாப் இருந்துச்சு, ஆனா அண்ணாவே டேப்லெட்ல பண்றாரே, நமக்குத்தான் மூளை கம்மின்னு விட்டுட்டேன். பரவாயில்லை, தங்கச்சிக்காவது முன்னாடியே சொல்ல முடிஞ்சுதே."

"தங்கச்சிக்கு என்ன சொன்னே?"

"இனியாவுக்கு பத்தாவதுல நல்ல மார்க்கு. கம்ப்யூட்டர் குரூப்தான் வேணும்னு ஒரே அடம். நம்ம வீட்டு மண்டைக்கு அது ஏறாதுடி, வேற குரூப் எழுதுன்னு நான்தான் சொன்னேன். அழுதுட்டா. இன்னிக்கு ஃபாரம் குடுக்க அம்மாவும் அவளும் ஸ்கூலுக்குப் போயிருக்காங்க."

ஆதவன் காபியைத் தொடவில்லை. பொருள் சரியில்லை என்றால் ஜனங்கள் பொருளைத் திட்டுவார்கள், மிஞ்சிப்போனால் தன்னைத் திட்டுவார்கள் என்றுதான் அவன் கணக்குப் போட்டிருந்தான். ஒரு பெண் தன்னையே திட்டிக்கொள்வாள், தங்கையையும் சேர்த்து ஒதுக்கிவிடுவாள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. இப்போதுகூட ஒரு பொய்யைச் சொல்லி அவள் கையாலேயே எழுத வைத்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

ஓடவில்லை. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தான். வயரைச் செருகினான். நோட்டில் இருந்த அதே ப்ராஜெக்ட் போன வருஷத்து டேப்லெட்டில் தெரிந்தது. வயரைப் பிடுங்கினான். திரையில் ஒன்றும் இல்லை.

ஓவியா வயரைக் கையில் வாங்கி, தானே செருகிப் பார்த்தாள். தானே பிடுங்கிப் பார்த்தாள்.

"அப்ப அது ஓடவே இல்லையாண்ணா?"

"இல்லைம்மா. அந்த சாஃப்ட்வேர் இதுல ஏறவே ஏறாது. அப்டேட்னு இப்ப சொன்னதும் பொய். காசு வாங்கிக்கினு சொன்னேன். உம்மேல ஒரு தப்பும் இல்லை."

அவள் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அவன் பக்கமே திரும்பாமல் செல்போனை எடுத்தாள்.

"அம்மா, ஃபாரம் குடுத்தாச்சா? லைன்லதான் நிக்கிறீங்களா? இனியாகிட்ட குடு." கையிலிருந்த வயரை மேஜைமேல் வைத்தாள். "கம்ப்யூட்டர் குரூப்பே எழுதுடி. ஆமா, நான்தான் சொல்றேன். மண்டைக்கு இல்லடி, டேப்லெட்டுக்குத்தான் ஏறலை."

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட பழைய லேப்டாப் ஒண்ணு இருக்கு. நீ வச்சுக்கோம்மா," என்றான் ஆதவன். மெதுவாகத்தான் சொன்னான்.

"அந்த வீடியோவ எத்தனை பேரு பாத்தாங்கண்ணா?"

"ரெண்டு லட்சத்துக்கு மேல."

"அத்தனை பேருக்கும் குடுப்பீங்களா?"

ஆதவன் செல்போன் கேமராவை மலைப் பக்கமிருந்து தன் முகத்துக்கு நேராகத் திருப்பினான். டம்ளரை நகர்த்தி வைத்தான். வயர் நன்றாகத் தெரிந்தது. வழக்கமான உற்சாக வணக்கம் வாயில் வரவில்லை. "போன வருஷம் நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்," என்று ஆரம்பித்து, இந்த டேப்லெட்டில் எதெல்லாம் செய்யலாம், எது முடியவே முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். வாங்கிய பணத்தையும் சொன்னான். முடிவில் என்ன சொல்வதென்று தெரியாமல் ஓவியாவைப் பார்த்தான்.

கேமராவுக்குப் பின்னால் நின்றபடியே அவள் பேசினாள்.

"தெரியாதவங்க உங்களை நம்பித்தான் வாங்கறாங்க. அது நடக்கலைன்னா உங்களை சந்தேகப்பட மாட்டாங்க, தங்களையேதான் சந்தேகப்படுவாங்க. வாங்கின பொருள் வீணானா வேற வாங்கிக்கலாம்ண்ணா. என்னால முடியாதுன்னு ஒருத்தர் நெனச்சுட்டா, அந்த நம்பிக்கையை யாரு திருப்பிக் குடுப்பா? நம்பினவங்ககிட்ட காசுக்காக பொய் சொல்லாதீங்க. அவ்ளோதான்."

ஆதவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குரலை வெட்டாமல் அப்படியே வீடியோவில் வைத்தான்.