மரத்துப்போன கடி

"அம்மா, நீ செய்யற பல்லெல்லாம் யார் வாய்க்குப் போகுது?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். பல் தயாரிக்கும் கூடத்தில் வேலை பார்க்கும் அம்மாவுக்கே அது தெரியாது. அவளிடம் வருவது ஓர் எண்ணும் ஸ்கேனும்தான்: மேல் வரிசை, கீழ் வரிசை, இரண்டும் கடித்தபடி ஒன்று. டாக்டர் ராவிக் குறைத்த பல்லின்மேல் மாட்டும் உறையை, அதாவது கேப்பை, கணினியிலேயே வடிவமைத்து, எதிர்ப் பல்லில் எங்கே தட்டுகிறது என்று திரையில் நிறம் பார்த்து அனுப்பிவிடுவாள். முகம் வராது.

ஒரு முகம் மாடிப்படியில் இறங்கி வந்தது. மேல்வீட்டு மாமா. அவள் கணவன் படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில், யாரும் கேட்காமலே குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்த மனிதர். புதுக் கேப்பைக் காட்ட அவர் வாயைத் திறந்ததும், முன்பல்லில் உடைந்த ஓரம் தெரிந்தது. அந்த ஓரத்தைத் திரையில் எத்தனையோ கோணத்தில் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அவர் வாயில் இருந்தது அவள் செய்த பல்.

"கடிச்சா காதுவரைக்கும் சுரீர்ங்குதும்மா. ராவி ராவி டாக்டரே களைச்சுப்போயிட்டாரு. நான் வாயை மூடிக்கிட்டு இருக்கறதுல உங்க மாமிக்குத்தான் சந்தோஷம்."

சிரிக்கப் போனவர், பாதியில் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அந்த ஸ்கேனை மீண்டும் திறந்தாள். வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த முன்பற்களின் தடங்கள் மேலும் கீழும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு அவரைக் கடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தாடை ஒரு நூல் விலகிவிட்டது. நிறமெல்லாம் ஒழுங்காக இருந்ததால் அவள் தடத்தைப் பார்க்கவே இல்லை. விலகிய கடிக்கு வெகு கச்சிதமாக ஒரு பல்லைச் செய்து கொடுத்திருந்தாள்.

முதலாளியிடம் சொன்னாள். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். "அவர் எடுத்த ஸ்கேன் தப்புன்னு நாம சொன்னா, அந்த டாக்டர் வேற இடம் பார்த்துப்பாரு. அப்புறம் நம்ம எல்லார் பொழைப்பும் என்ன ஆகும்?" என்றார்.

மாலையில் மாடி ஏறினாள். அந்தப் பல்லைத் தான்தான் செய்தது என்று அவரிடம் சொல்லவில்லை. ஊசி இல்லாமல் ஒருதடவை கடித்துக் காட்டுவதாக டாக்டரிடம் சொல்லிப் பாருங்கள் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"டாக்டருக்கே பாடம் எடுக்கச் சொல்றியா? நல்ல பொண்ணும்மா நீ" என்று அவர் பேச்சை மாற்றினார்.

சில நாளில், கேப்புக்கு எதிரே இருந்த நல்ல பல்லையும் டாக்டர் ராவிவிட்டார். இப்போது தேவலை என்று சொல்லிக்கொண்டே மாமா ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். கடவுள் கொடுத்த பல்லில் போனது போனதுதான். எந்தக் கணினியும் அதை முளைக்க வைக்காது. அவள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாள்.

ராவி ராவி மெலிந்த கேப் கடைசியில் விரிசல் விட்டது. புது ஸ்கேனோடு மறுபடி கூடத்துக்கே வந்தது. இந்தமுறை ஊசி போடாமல் எடுத்தது என்று சீட்டில் இருந்தது. பழைய வடிவத்தையே கொஞ்சம் தாழ்த்தி அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டு முதலாளி சாப்பிடப் போனார். மற்றவர்களும் எழுந்து போனார்கள்.

அவள் பழைய வடிவத்தை அழித்தாள். புது ஸ்கேனில் முன்பல் தடங்கள் ஒன்றோடொன்று சேர்வதைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். தாடையை இடது, வலது, முன்னால், பின்னால் என்று அசைத்துப் பார்த்து, தட்டும் இடங்களை இழைத்தாள். எதிர்ப் பல் இழந்த உயரத்துக்கு ஈடாக, தான் செய்யும் பல்லின் முகட்டை மயிரிழை மயிரிழையாக ஏற்றினாள். அந்தப் பல் இனி வெறுங்காற்றைக் கடிக்காது. அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

டாக்டருக்குக் குறிப்பு எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டு, வடிவத்தை இயந்திரத்துக்கு அனுப்பினாள். எல்லோரும் திரும்பி வந்தபோது இயந்திரம் அந்தப் பல்லைக் கடைந்துகொண்டிருந்தது.